கணை ஒரு செட்டில், இரும்பு ஒரு செட்டில்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் எழுத்துப் பிழையும் நிறைய வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சம் என்பதால்தான் எழுதுகிறேன்.

துருப்பிடித்த இரும்பும் ஈரக் கயிறும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். எம். புதுப்பட்டிக்குக் கிழக்கே, கண்மாயை ஒட்டி எங்கள் தெருக்காரர்களுக்கு அரசாங்கம் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த நிலத்தில், காலையில் 'செட்டு'க் கதவைத் திறந்ததும் அந்த வாடைதான் முகத்தில் அடிக்கும். மண்சுவர், மேலே பனையோலை, ஒரு தகரக் கதவு, அவ்வளவுதான் செட்டு. எங்களுக்கு ஒன்று, பக்கத்துத் துண்டில் கருப்பசாமி மாமாவுக்கு ஒன்று, அதற்கடுத்து முனியம்மா சித்திக்கு ஒன்று. மூன்று துண்டுக்கும் ஒரே கிணறு. கப்பியில் கயிறு போட்டு, வாளியால் இறைத்துத்தான் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றுவோம்.

இது நான் சிறுவனாக இருந்தபோது நடந்தது. அம்மா அதற்கு முந்திய வருடம்தான் பட்டாசு செய்யும் வெடிக் கம்பெனியை விட்டு நின்றிருந்தாள். பக்கத்து ரூம் வெடித்தபோது தலைமுடி கருகியதோடு ஓடி வந்து பிழைத்தவள். அந்த ரூமில் இருந்த அவள் சேக்காளி வரவில்லை. இனி அந்த வாசலை மிதிப்பதில்லை, தோட்டத்திலேயே பிழைத்துக்கொள்வது என்று அம்மா சொல்லிவிட்டாள். லாரியில் லோடு ஏற்றப் போகும் அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அந்தக் கோடையில் திருடன் வர ஆரம்பித்தான். முதலில் பூட்டை உடைத்து மண்வெட்டிகளைக் கொண்டுபோனான். பெரிய பூட்டாகப் போட்டோம். ஓலையைப் பிரித்து இறங்கி, வாளியையும் கப்பியையும் எடுத்துப்போனான். "பூட்டு பெரிசா இருந்தா உள்ள பொருளும் பெரிசா இருக்கும்னு நெனைப்பான்ல?" என்று மாமா சிரித்தார். மறுவாரம் அவர் செட்டும் காலியானது, அப்புறம் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சாமான் புதிதாகத் தேடிச் சேர்ப்பதற்குள் செடி வாடிப்போகும். "தீபாவளி சீசன் வருது. கம்பெனி வேன் தெரு முக்குல வந்து நிக்குது. இன்னும் ஒரு தடவை களவு போச்சுன்னா ஒம்மகனையும் கூட்டிக்கிட்டு வேன்ல ஏறு" என்றார் அப்பா.

அம்மா அன்று சாயங்காலம் கிணற்று மேட்டில் மூன்று வீட்டாரையும் உட்காரவைத்து, மண்வெட்டியின் ஆப்பைத் தட்டி, 'கணை' என்று நாங்கள் சொல்லும் மரக் கைப்பிடியைத் தனியாக உருவினாள். கணைகளும் கயிறும் எங்கள் செட்டில், இரும்பெல்லாம் மாமா செட்டில், வாளியும் கப்பியும் பழைய கயிறு ஒன்றும் சித்தி செட்டில் என்று பிரித்தாள்.

"கம்பெனியில வெடி மருந்த ஒரே ரூம்லயா வச்சிருக்கான்? ஒரு ரூம் போனா ஒரு ரூம்தான் போகணும். அதனாலதான் நான் இன்னிக்கு உசுரோட இருக்கேன்."

"ஏத்தா, அப்ப நான் வெள்ளனா வந்தா ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்றார் மாமா.

"உக்காருங்கண்ணே. தனியா வந்து எம்புட்டுத் தண்ணி எறைச்சிருவீக?"

சித்தி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஆரம்பத்தில் சண்டைதான். மாமா எழுந்திருக்க மாட்டார். இரும்பு இல்லாமல் கணையை வைத்துக்கொண்டு நிற்போம். அவரை எழுப்ப அம்மா என்னைத்தான் அனுப்புவாள். எனக்குக் கூப்பிட நா வராது. வாசலில் நின்று இருமுவேன். "ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா? கூப்பிட்டா என்னலே?" என்று வேட்டியை இறுக்கிக்கொண்டே வருவார். ஒருநாள் சித்தி வரவில்லை. வாளி இல்லாமல் வேலை ஓடாது என்று தேடிப்போனால், காய்ச்சலில் எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தாள். அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அன்றைக்குத் தண்ணீர் இறைத்தோம்.

ஐப்பசி பிறக்கும் சமயம் திருடன் மறுபடி வந்தான். எங்கள் செட்டுக் கதவு கீழே கிடந்தது. கயிறு போயிருந்தது. வெறும் கணைகளை வைத்து அவன் என்ன செய்வான்? ஆத்திரத்தில் கத்தரிப் பாத்தி நெடுக வீசிவிட்டுப் போயிருந்தான். "வந்தவுக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாக" என்று சொல்லிக்கொண்டே அம்மா பொறுக்கினாள். மாமா இரும்போடு வந்தார். சித்தி வாளியும் கப்பியும் பழைய கயிறுமாக வந்தாள். தெரு முக்கில் வேன் ஆரன் அடித்தபோது கப்பி சுற்றிக்கொண்டிருந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த அப்பா சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். நானும் அம்மாவும் எந்த வருடமும் அந்த வேனில் ஏறவில்லை.

இப்போது அப்பாவும் அம்மாவும் இல்லை, மாமாவும் சித்தியும் இல்லை. கப்பி போய், கிணற்று மேட்டில் ஆளுக்கொரு மோட்டார் இருக்கிறது. துண்டுக்குத் துண்டு முள்கம்பி இருக்கிறது. சித்தி துண்டில் வேறு யாரோ வேலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். போன மாதம் என் மோட்டார் ரூமை உடைத்து, செம்புக்காக ஒயரை அறுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்துத் துண்டில் அதற்கு முன்பே களவு போயிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

பக்கத்துத் துண்டு மாமாவின் மகன் முருகனுடையது. அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். கூப்பிட நா வரவில்லை, இருமினேன். "என்ன மச்சான், வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் இருவரும் ஒயரைக் கழற்றிச் சுருட்டுகிறோம். என்னுடையது அவன் வீட்டுக்குப் போகிறது. அவனுடையது என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. இரண்டு துண்டுக்கும் நடுவில் இருந்த முள்கம்பியை ஆள் நுழையும் அளவுக்கு அறுத்துவிட்டோம். "அவனவன் ஒயர அவனவன் வீட்டுக்குக் கொண்டுபோனா என்ன மச்சான்?" என்று கேட்டான் முருகன்.

கொண்டுபோகலாம். ஆனால் நான் எழுந்திருக்காத அன்றைக்கு என்னைத் தேடி யார் வருவார்கள்?

எழுதி முடித்தது: ஆவணி மூன்றாம் தேதி, தண்ணீர் பாய்ச்சி வந்த பிறகு.