வேல்ஸ்காரனின் காது

கோபம் இன்னும் அடங்கவில்லை. லண்டன் லூயிஷாம் பஸ் கராஜில் பதினெட்டு வருடம் என்னோடு பிரேக் மாற்றியவன், தமிழில் ஒரு சொல்லும் தெரியாதவன், என்னைத் தமிழிலேயே பிடித்துவிட்டான்.

அவன் வேல்ஸ்காரன். கராஜில் யாருக்காவது பிள்ளை பிறந்தால், யாராவது ஓய்வு பெற்றால், கை எண்ணெயைத் துடைத்துவிட்டு வேல்ஸ் மொழியில் நாலு அடி சொல்வான். அடியின் முற்பாதியில் வந்த மெய்யொலிகள் அதே வரிசையில் பிற்பாதியிலும் வரவேண்டுமாம். செம்மறி வளர்த்த அவனுடைய தகப்பனுக்கும் அது கைவந்ததாம். நான் விடுவேனா? எதுகை, மோனை, வெண்பா என்று தேநீர் இடைவேளைதோறும் அளந்தேன். நீயும் எழுதுவாயா என்று கேட்டான். ஓம் என்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

போன மாதம் அவனே ஓய்வு பெற்றான். தன் பிரியாவிடைக்குப் பரிசு ஒன்றும் வேண்டாம், உன் வெண்பா ஒன்று போதும் என்றுவிட்டான்.

மூன்று கிழமை கழிப்பறையில் இருந்து விரல்விட்டு அசை எண்ணினேன். ஒன்றும் வரவில்லை, கவிதையும் சேர்த்து. மனைவி கதவுக்கு வெளியே நின்றாள்.

"என்னப்பா, மூத்த மொழி எண்டு ஊரெல்லாம் கத்தினனீங்கள். நாலு வரிக்கு ஏலாமல் போச்சோ?"

கடைசியில், பிரியாவிடையன்று கராஜில் எல்லார் முன்னாலும், ஹரோவிலுள்ள சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அனுப்பிய அறிவித்தலைக் கைபேசியில் திறந்தேன். சப்பாத்துகளை வாசலில் கழற்றவும், மண்டபத்துக்குள் உணவு கொண்டுவர வேண்டாம் என்பதையே வெண்பாபோல ராகம் போட்டு இழுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் மட்டும் கண்ணை மூடியபடி இருந்தான்.

பிறகு டயர் அடுக்குக்குப் பின்னால் கூட்டிச்சென்றான்.

"ஒரு அடிக்கு மற்ற அடி பதில் சொல்லவேயில்லை. அது கவிதை இல்லை" என்றான். "என் மொழி என் மகளுக்கே தெரியாது. இங்கே நான் சொன்ன அடிகளைக் காதுகொடுத்துக் கேட்டவன் நீ ஒருவன்தான். அதனால்தான் உன்னிடம் கேட்டேன்."

அவன்மேல் கோபம். அந்தக் காதின்மேல் கோபம். மேடைக்கு மேடை தொன்மை பேசிவிட்டு நாலு அடிக்கு வக்கில்லாத எங்கள் கூட்டத்தின்மேல், அதன் முன்வரிசையில் நின்று கத்திய என்மேல் அதைவிடக் கோபம்.

உண்மையான வெண்பா வந்தால் எழுதி அனுப்பாதே, போனில் சொல் என்றுவிட்டுப் போய்விட்டான்.

போன ஞாயிறு சொன்னேன். இரண்டு அடிதான். எனக்குக் காதெல்லாம் வியர்த்தது.

"இன்னொருமுறை சொல்" என்றான். சொன்னேன்.

"ம். இது பதில் சொல்கிறது."

கண் கலங்க நேரம் கொடுத்தானா? பாவி, அடுத்த மூச்சிலேயே மற்ற இரண்டும் எங்கே என்று அதட்டினான்.