காகிதச் சக்களத்தன்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே மெக்கானிக் தேடிப் போவது, மனைவியின் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் நாவலைத்தான். அடையாளத்துக்கு அவள் செருகியிருக்கும் நீல நூல்துண்டு நேற்றிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கட்டைவிரலால் அளப்பார். ஐம்பது பக்கம் நகர்ந்திருந்தால் அன்று முழுக்க முகம் கடுகடுவென்றிருக்கும். நூல் இருந்த இடத்திலேயே இருந்தால், தானே டீ போட்டு அவளை எழுப்புவார்.

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறார். பெரிய பெரிய ஆட்களையெல்லாம் இரண்டு மாடிகளுக்கு நடுவிலிருந்து கைகொடுத்து வெளியே இழுத்துவிட்டவர். வந்ததும் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்களே தவிர அவர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அதற்கெல்லாம் அவர் வருத்தப்பட்டதில்லை. இந்தக் கதைகளை வாய் பிளந்து கேட்க வீட்டில் ஒருத்தி இருந்தாள். அதில்தான் மண் விழுந்தது.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறாள். கடைக்குப் பக்கத்து வாடகை நூலகத்தில் அவளுக்கு அவன் கிடைத்தான். முப்பத்தொரு நாவலுக்கும் அவனே நாயகன். வீடு வாசல் கிடையாது, கையில் பைகூடக் கிடையாது. முன்பின் தெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்குவான். அங்கே எவனாவது எளியவர்களை வதைத்துக்கொண்டிருப்பான். அந்தப் படுபாவியின் எலும்பை எண்ணிவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒருத்தி அழுதுகொண்டு நிற்க, அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான்.

"பதினோரு நாளா ஒரே சட்டையாமே? கிட்ட நின்னா மயக்கம் வராது?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"வராது" என்றாள், பக்கத்தைத் திருப்பியபடி.

அந்த ஒரு சொல் மூன்று நாள் அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது.

நான்காம் நாள் ஆளை அளந்து பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். அவள் படித்து முடித்த நாவல்களைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் எடுத்துப்போய், வேலைக்குப் போன கட்டடத்தின் மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தார். காதில் செருகிய பென்சில் சும்மா இருக்கவில்லை. 'லிஃப்ட் வயரைப் பிடித்து ஏறுகிறானாம். வயர் முழுக்க கிரீஸ்! நேராகக் குழிக்குத்தான் போவான்.' 'மூன்றாம் மாடியிலிருந்து குதித்தவன் நொண்டவில்லையே, ஏன்?' 'சாப்பிட்ட தட்டை இவன் கழுவியதாக எங்குமே இல்லை.' கடைசிக் குறிப்புக்குக் கீழே இரண்டு கோடு.

ஆனால் அவனைக் கிடங்கில் கட்டிப்போட்டிருந்த கட்டத்தில், "பின்னாடி ஆணி இருக்குடா, கயித்தத் தேய்டா!" என்று வாய்விட்டுக் கத்தியும் விட்டார். அதற்காகத் தன்மேலேயே எரிந்து விழுந்துகொண்டு அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

நூலகக்காரர் ஒருநாள் அந்தக் கிறுக்கல்களை மனைவியிடம் விரித்துக் காட்டிவிட்டார். சாயங்காலம் அவள் புத்தகத்தை மெக்கானிக்கின் முன்னால் வைத்தாள்.

"இது உங்க எழுத்துதானே?"

அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "அப்படி என்னதான் இருக்கு அவன்கிட்ட?"

"ஒண்ணுமே இல்லீங்க. அதான்."

"புரியற மாதிரி சொல்லு."

"அவன் வந்து என்னைக் கூட்டிட்டுப் போவான்னா நெனச்சீங்க?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும் போனது. "கடைசியில ஒருத்தி அழுவாளே, அவளா நான் என்னை நெனச்சதே இல்ல. பஸ்ல ஏறுறது நான்தான். ஒவ்வொரு புத்தகத்திலயும்."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். ஆளாக இருந்தால் மல்லுக்கு நிற்கலாம், பென்சிலாலாவது குத்தலாம். பஸ்ஸை என்ன செய்வது?

"எங்க போகணும், சொல்லு. நானும் வரேன்."

"வேணாங்க" என்றாள் அவள், அவர் கையைத் தொட்டு. "ஞாயித்துக்கிழமை ஏதாவது ஒரு பஸ்ல ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு சாயங்காலம் வந்துடறேன். பயப்படாதீங்க."

"எனக்கென்ன பயம்?" என்றார். குரல் கீச்சென்று வந்தது.

ஞாயிறு காலை அவள் வெறுங்கையோடு இறங்கிப் போனாள். பத்து நிமிடத்தில் வானம் கறுத்தது. மெக்கானிக் குடையை எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் படிகளில் தடதடவென இறங்கி நிறுத்தத்துக்கு ஓடினார். பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு முகத்தோடு. பக்கத்து இருக்கை காலி. அதைப் பார்த்தும் அவருக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அவள் தற்செயலாக இந்தப் பக்கம் திரும்பினாள். மெக்கானிக் சட்டென்று குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மற்றொரு கையை உயர்த்தி ஆட்டினார்.