வாசகம் நீக்கக் கட்டணம் தனி

செங் தொழிற்பேட்டையில், அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்யும் நிறுவனம் ஒன்றில் நான் கிராணியாக, பில் போடும் குமாஸ்தாவாக, இருக்கிறேன். தொழிற்சாலைகள் சில இன்னமும் பில்லைக் காகிதத்தில்தான் கேட்கும். மாதக் கடைசியில் தபால்தலை ஒட்டி ஒட்டி என் நாக்கே பசையாகிவிடும்.

அந்த நாக்கின் மேல் இரக்கப்பட்டல்ல, மதிப்புக்காகத்தான் எங்கள் முதலாளி பிராங்கிங் மிஷின் வாங்க முடிவு செய்தார். உறையை உள்ளே விட்டால் தபால் கட்டணத்தை அதுவே சிவப்பு மையில் அச்சடித்துத் தள்ளும். பக்கத்து லாட்டிலிருந்த ரப்பர் கம்பெனியில் ஒன்று இருந்தது. அது போதாதா?

டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். மாத வாடகை, ஆண்டு முன்பணம், ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று மூன்று வழிகளை விரித்தார். மை தனி. பராமரிப்பு தனி. மிஷினுக்குள் முன்கூட்டியே ஏற்ற வேண்டிய தபால் பணம் அதைவிடத் தனி.

"அப்போ வாடகைக்கு என்னதான்லா கொடுக்கிறீங்க?" என்றார் முதலாளி.

"மிஷின், அங்கிள்."

முதலாளி மூன்று வாரம் யோசித்தார். மாத வாடகைதான் மலிவு என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆனால் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு விளம்பர வாசகம் ஒன்று இலவசம். முத்திரைக்குப் பக்கத்திலேயே அச்சாகும். இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் பேனாவைத் திறந்துவிட்டார். "தெர்சும்பாட்? பாங்கில் காமி!" அதாவது, "அடைத்துக்கொண்டதா? எங்களைக் கூப்பிடுங்கள்!" வாசகம் அவரே மலாயில் எழுதியது. அன்று பூராவும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஆண்டு அவர் மகளுக்குக் கல்யாணம். முந்நூறு பத்திரிகைகள், தங்க எழுத்து, சந்தன வாசனை. "மிஷின்லயே அடிச்சிடும்மா. எப்படியும் வாடகை கட்றோம்தானே?"

"பாஸ், அந்த வாசகமும் சேர்ந்து வரும்."

"அதை ஆஃப் பண்ணு."

விற்பனையாளரைக் கூப்பிட்டேன். வாசகத்தை நீக்கவும் கட்டணம் உண்டாம், ஆள் வரும் செலவு தனியாம். தொகையைக் கேட்டதும் முதலாளி உறைக்கட்டை என் பக்கம் தள்ளினார். "உறையை யார்மா பார்க்கிறா? கிழிச்சுத் தூக்கிப் போட்டுடுவாங்க." சம்பளம் கொடுப்பவர் சொன்னார், நானும் அடித்தேன். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் அந்த வாசகம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தபோது எனக்குக் கை கூசியது, சிரிப்பும் வந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் முதலாளியின் மனைவி ஓர் உறையோடு ஆபீசுக்கே வந்தார்.

"தங்கச்சி, என் பொண்ணு கல்யாணத்துல என்னம்மா அடைச்சிக்கிச்சு?"

நான் முதலாளியின் அறையைக் காட்டினேன். கதவைச் சாத்தியிருந்தும் எல்லாம் கேட்டது.

அன்று மதியமே டுரியான் துங்காலிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். எஸ்டேட்டில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசமாட்டார் என்று கேள்வி. முதலாளி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுகொண்டே பேசினார்.

"சம்பந்தி, மன்னிச்சிடுங்க, அந்த உறை விஷயம்..."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். வீட்டுப் பின்னால லோங்காங்ல சாக்கடைத் தண்ணி போகாம ரெண்டு வாரமா அடைச்சுக் கிடக்குது. ஆள் அனுப்புவீங்களா?"

லாரி அரை மணியில் புறப்பட்டது. பில் போட வேண்டாம் என்று முதலாளி என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

மனைவி சமாதானமாகவில்லை. கூடுதலாக அச்சடித்திருந்த பத்திரிகைகளைச் சாதாரண உறையில் போட்டு, நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும், என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாயா ரும்புட்டில் தொடங்கி வீடு வீடாகக் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர், ஒவ்வொரு வீட்டிலும் அதே சிரிப்பு. பெட்ரோல் செலவு மட்டுமே வாசகம் நீக்கும் கட்டணத்தைத் தாண்டிவிட்டது. முதலாளியிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மனைவிக்கு வந்தது.