மயிலம் 6.40 என்று எழுதியதைத் திருத்தப் போன பயணம்

என் பயணக் குறிப்புகளில் ஒவ்வொரு பஸ், ரயில் நேரத்துக்குப் பக்கத்திலும் இரண்டு எழுத்துகள் இருக்கும். அந்த நேரத்தை நேரில் பார்த்து உறுதி செய்தவரின் அடையாளம் அது. 'இது எதற்கு ஐயா, படிக்க இடைஞ்சலாக இருக்கிறதே' என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல 1988 மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்குப் போக வேண்டும். அன்று நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு, முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரே ஒரு வரியைத் திருத்துவதற்காகப் போனேன்.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. விழுப்புரத்தில் கணித ஆசிரியர். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் ஒன்றுதான், அதிலிருந்து எட்டு டெர்மினல்களுக்கு ஒயர் போகும். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் அந்த ஒரு பெட்டியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களுக்கும் வகுப்பு உண்டு. ஆட்கள் அதிகம், டெர்மினல் குறைவு என்பதால் முறை வைத்திருந்தார்கள். என் முறை மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனி.

லாகின் பெயரை ஊரை வைத்துக் கொடுத்தார்கள். நான் விபிஎம்2, அதாவது விழுப்புரத்து இரண்டாம் ஆள். ஒருவர் எந்த ஊர்ப்பக்கம் என்று தெரியும்; பெயர், வயது, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. முதல் நாள் நான் கேப்ஸ் லாக்கை அழுத்திவிட்டு லாகின் செய்துவிட்டேன். யூனிக்ஸ் அப்படி வந்தால், இந்த ஆளிடம் பெரிய எழுத்து மட்டும்தான் இருக்கிறது போலும் என்று முடிவு கட்டி, பதிலையும் பெரிய எழுத்திலேயே கொடுக்கும். கம்ப்யூட்டர் என்னைப் பார்த்துக் கத்துகிறது என்று நினைத்துப் பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் எனக்குக் குறைவு.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு போர்டு இருந்தது. படமோ வண்ணமோ இல்லை, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மட்டும். ஒருவர் ஒரு செய்தியைப் போட்டால் அதற்கு ஓர் எண் விழும்; மற்றவர்கள் தங்கள் முறை வரும்போது படித்துப் பதில் போடுவார்கள். தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். போட்டதை மாற்றவும் முடியாது. தவறு என்றால் கீழே புதிதாக ஒன்று போடத்தான் வேண்டும். கல்லூரிக்கு வெளியே போகும் கம்பியும் கிடையாது, கம்ப்யூட்டருக்கு டெலிபோன் இணைப்பும் கிடையாது. போர்டில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பஸ் ஏறித் திண்டிவனம் போக வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

வகுப்பில் வாய் திறக்காத நான் அந்தப் போர்டில் நிறைய எழுதினேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை அல்லவா. என் முக்கியமான பங்களிப்பு 41ஆம் எண் செய்தி: விழுப்புரம், விக்கிரவாண்டி, மயிலம், திண்டிவனம் பஸ், ரயில் நேரங்கள், கோடு போட்ட பட்டியலாக. 'உபயோகம்' என்று நான்கைந்து பேர் பதில் போட்டிருந்தார்கள். அதை நான் பல தடவை படித்தேன் என்பதை மறைப்பானேன்.

அந்த மே மாதத்து இரண்டாவது சனியன்று எம்எல்எம்3 என்பவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். மயிலம் பக்கத்து ஆள். 'அடுத்த வாரம் போய் அதற்கு அடுத்த திங்கள் காலை எட்டு மணிக்கு விழுப்புரத்தில் வேலைக்கான பரீட்சை. எட்டுக்கு மேல் உள்ளே விடமாட்டார்களாம். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான். ரயில் உண்டா?' நான் உடனே, மயிலம் 6.40, விழுப்புரம் 7.35 என்று பதில் போட்டேன். என் முறை முடிவதற்குள்ளேயே பதில் வந்தது: 'நோட்டில் எழுதிக்கொண்டேன். அதிலேயே போகிறேன்.'

அடுத்த சனிக்கிழமை எனக்கு முறை இல்லை. என் மைத்துனரைத் திருச்சி வண்டி ஏற்றிவிட விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போனேன். மணி 9.10. சும்மா நிற்கிறோமே என்று சாக்பீஸில் எழுதியிருந்த நேரப் பலகையைப் படித்தேன். திண்டிவனம் பக்கமிருந்து வரும் காலைப் பாசஞ்சர், வருகை 7.00 என்று இருந்தது. நான் எழுதியதோ 7.35. எழுதியவர் தவறாக எழுதியிருப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். தவறு செய்தது நானாகத்தான் இருக்கும் என்று மறு நிமிடமே தோன்றிவிட்டது. டிக்கெட் கவுண்டரில் கேட்டேன்.

"அது மாத்தி மூணு வாரம் ஆவுது சார். மயிலத்துல ஆறு அஞ்சுக்கே எடுத்துடுவான். நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?"

போன வருடத்து அட்டவணைக் காலத்தில் இருந்தேன். என் வீட்டில் இருந்த புத்தகத்தைப் பார்த்து ஒரே இரவில் கோடு போட்டு எழுதிய பட்டியல் அது. மே மாதம் நேரம் மாறுமே என்று எனக்குத் தோன்றவில்லை.

எம்எல்எம்3 திங்களன்று ஆறரைக்கு ஸ்டேஷனுக்கு வருவார். வண்டி போயிருக்கும். பாசஞ்சர் தாமதம்தான் போலிருக்கிறது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். ஏழரை பஸ்ஸைப் பிடித்தாலும் பரீட்சைக் கதவு மூடியிருக்கும். பெயர் தெரியாது, மயிலம் பக்கம் என்பதற்கு மேல் ஊரும் தெரியாது. அவரை எட்ட எனக்கிருந்த ஒரே வழி போர்டுதான். அவருடைய முறை சனிக்கிழமைதோறும் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை என்று அவரே ஒரு செய்தியில் எழுதியிருந்தார்.

தபால் நிலையத்தில் கல்லூரிக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். லைன் கிடைத்தது, மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை, ஆபீஸில் ஆள் இல்லை. பள்ளிப் பரீட்சைத் தாள்கள் வீட்டில் காத்திருந்தன. சைக்கிளை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ் 10.20க்குப் புறப்பட்டது. கட்டணம் மூன்று ரூபாய் அறுபது காசு. வழக்கமாக ஒரு மணி நேரம், மிஞ்சினால் பத்து நிமிடம் கூட. வெயில் வலது பக்கம் அடிக்கும் என்று கணக்குப் போட்டு இடது பக்கம் உட்கார்ந்தேன். விக்கிரவாண்டியில் ஏழு நிமிடம் நின்றது. அங்கே டீ அறுபது காசு, நான் இறங்கவில்லை. கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி அடியோடு நின்றுவிட்டது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றிய லாரி ஒன்று குடை சாய்ந்து, மூட்டைகள் ரோடு முழுக்கக் கிடந்தன. அறுவடைக் காலம், அந்த ரோட்டில் இது புதிதல்ல.

கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "எல்லாரும் வேடிக்கை பாத்துக்கினே இருந்தா சாயங்காலம்தான் போவோம். ஆளுக்கு ரெண்டு மூட்டை நவுத்துங்க, ஜல்தி போவலாம்."

"டிக்கெட் வாங்கினதுக்கு கூலி வேலையுமா?" என்றார் பின்சீட்டுக்காரர் ஒருவர்.

"கூலி மல்லாட்டையா கெடக்குது பாரு கீழ, பொறுக்கிக்க."

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நானும் இறங்கினேன். என்னால் மூட்டையைத் தூக்க முடியவில்லை. இன்னொருவரோடு சேர்ந்து இழுத்தேன். "வாத்தியாரே, முதுகு பத்திரம்" என்றார் அவர். நான் ஆசிரியர் என்று எப்படித் தெரிந்ததோ. முப்பத்தைந்து நிமிடத்தில் ஒரு பஸ் போகும் அளவுக்கு வழி கிடைத்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி 12.05. கல்லூரி மூன்று கிலோமீட்டர். டவுன் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் காத்திருந்து, போய்ச் சேர்ந்தபோது 12.30.

கம்ப்யூட்டர் அறைக்கு ஏ.சி. உண்டு என்பதால் செருப்பை வெளியே விட வேண்டும். வாசலில் எட்டு ஜோடி. அதாவது ஓர் இடமும் காலி இல்லை. அறையின் பொறுப்பாளர் சேவியர் சார் வழியை மறித்தார்.

"உங்களுக்கு இன்னைக்கு டர்ன் இல்லியே சார்."

"அஞ்சு நிமிஷம் போதும்..."

"எல்லாரும் அஞ்சு நிமிஷம்னுதான் வர்றாங்க. என்னா வேலை?"

"ஒரு தப்பு. திருத்தணும்."

"புரோகிராம்லயா?"

"டைம் டேபிள்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையெல்லாம் மல்லாட்டைத் தூசி. "இதுக்காவ விழுப்புரத்துலேர்ந்து வந்துக்கினு... சரி, என் சீட்டுல உக்காருங்க. ஒரு மணிக்கு எல்லாரையும் எழுப்பிடுவேன்."

எட்டு டெர்மினல் போக, பொறுப்பாளர் மேசையில் தனியாக ஒரு திரை உண்டு. அங்கே உட்கார்ந்து முதலில் போர்டில் புதுச் செய்தி போட்டேன்: 'எம்எல்எம்3 கவனிக்க. 6.40 தவறு. மயிலம் 6.05. தவறு என்னுடையது.' போட்ட பிறகுதான் நினைவு வந்தது. புதுச் செய்தி இருப்பதை லாகின் செய்யும்போது மட்டும்தான் கம்ப்யூட்டர் சொல்லும். அவர் பன்னிரண்டுக்கே உள்ளே வந்திருப்பார். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையைத் தட்டினேன். பட்டியலில் இருந்தார்: எம்எல்எம்3, நான்காவது டெர்மினல்.

ஒருவர் திரையில் இன்னொருவர் நேராக எழுதவும் வழி உண்டு. அதைத் தட்டினேன். 'பெர்மிஷன் டினைடு', அனுமதி இல்லை என்றது. விளையாட்டுப் பிள்ளைகள் திரையில் கண்டதை எழுதுகிறார்கள் என்று பலர் அந்த வழியை அடைத்து வைத்திருப்பார்கள். அவரும் அடைத்திருந்தார். இரண்டாம் முறை தட்டினேன். அதே பதில்தான்.

மணி 12.44. ஒவ்வொரு டெர்மினல் மேலும் எண் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். நான்கு என்ற காகிதம் எதிர்ச் சுவரோரம் தெரிந்தது. அதன் முன்னால் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், எனக்கு முதுகு காட்டி, மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். சேவியர் சாரிடம் சொல்லியிருந்தால் அவரே போய்ச் சொல்லியிருப்பார். சத்தியமாக அது எனக்குத் தோன்றவில்லை. போர்டில் நடந்த தவறைப் போர்டுக்குள்ளேயே திருத்திவிடலாம் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அறையில் எட்டுப் பேர், எல்லாரும் அமைதி. அங்கே நான் வாயைத் திறந்து பேச வேண்டும்.

ஒரு தடவை எழுந்தேன், திரும்ப உட்கார்ந்துவிட்டேன். மணி 12.49. மறுபடி எழுந்தேன். ஒன்பது அடி தூரம். வெறுங்காலில் தரை ஐஸாக இருந்தது.

"ஏங்க... மன்னிக்கணும். நீங்க திங்கட்கிழமை ரயில்ல போறவங்களா?"

அவர் திரும்பினார். பயந்துவிட்டார் என்று முகம் சொன்னது. "நீங்க யாரு சார்?"

"விபிஎம்2."

"ஐயே! டைம் டேபிள் நீங்களா?" அறையே திரும்பிப் பார்த்தது. "நாங்க எல்லாம் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தோம்!"

யாரோ சிரித்தார்கள். எனக்கு வியர்த்தது, ஏ.சி. அறையில். "ஆறு நாப்பது இல்லிங்க. ஆறு அஞ்சு. நேரம் மாறிடுச்சி. நான் பழசைப் பார்த்து எழுதிட்டேன். தப்பு என் மேல."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மேசைமேல் இருந்த நோட்டை எடுத்துப் பிரித்தார். 6.40 என்று எழுதி இரண்டு அடிக்கோடு போட்டிருந்தார். அதை அடித்துவிட்டு 6.05 என்று எழுதினார்.

"இதுக்காவவா சார் வந்தீங்க?"

"ஆமாங்க."

"டர்ன் இல்லாத நாள்ல?"

"ஆமாங்க."

"அப்பா திங்கக்கிழமை சைக்கிள்ல கொண்டாந்து ஸ்டேஷன்ல வுட்றேன்னு சொல்லிக்கினு இருக்காரு. அவரை அஞ்சு மணிக்கே எழுப்பணும் இப்போ. அதான் பெரிய பேஜாரு." மறுபடி சிரித்தார். பெயர் ஸ்டெல்லா என்றார். நானும் என் பெயரைச் சொன்னேன். அந்த அறையில் நான் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு மணிக்குச் சேவியர் சார் எல்லாரையும் எழுப்பினார். 1.40 பஸ்ஸில் ஏறி 2.45க்கு விழுப்புரம் வந்தேன். வழியில் லாரியை நிமிர்த்தியிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை எனக்குப் பாடம் ஓடவில்லை. 6.05ம் தவறாக இருந்தால்? கவுண்டரில் இருந்தவர் விளையாட்டாகச் சொல்லியிருந்தால்? நான்காவது சனியன்று முதல் பஸ்ஸில் திண்டிவனம் போய், என் முறைக்கு ஒரு மணி நேரம் முன்பே வாசலில் நின்றேன். லாகின் செய்ததும் போர்டில் ஒரு புதுச் செய்தி. அந்தச் சனி அவர் தன் முறைக்குக் காத்திராமல் காலையிலேயே வந்து போட்டிருந்தார்:

'மயிலம் 6.05. சரியாக 6.05க்கு வந்தது. நானே பார்த்தேன். ஏறினேன். விழுப்புரம் 7.02. பரீட்சை நன்றாக எழுதினேன். எம்எல்எம்3.'

அன்றே என் பட்டியலைப் புதிதாகப் போட்டேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் இடம் விட்டு, நேரில் பார்த்தவர்கள் தங்கள் லாகின் பெயரைச் சொன்னால் அங்கே சேர்ப்பதாக எழுதினேன். முதலில் நிரம்பியது மயிலம் வரிதான். இரண்டு மாதத்தில் இருபத்தாறு வரிகளில் பத்தொன்பது நிரம்பின. யாரும் பார்க்காத நேரத்தைப் பார்த்ததுபோல் நான் சொல்வதில்லை என்ற நிம்மதி அப்போதுதான் வந்தது. இன்றைய குறிப்புகளில் உள்ள இரண்டு எழுத்துகளும் அந்தப் பழக்கம்தான். ஸ்டெல்லாவுக்கு அந்த வேலை கிடைத்தது. அதையும் போர்டில்தான் தெரிந்துகொண்டேன். பெரிய எழுத்தில் போட்டிருந்தார். இந்த முறை அது கத்தல்தான், கேப்ஸ் லாக் தவறு அல்ல.

இனி, இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு. விழுப்புரம் திண்டிவனம் ரோடு இப்போது நான்கு வழி; பஸ்ஸில் முக்கால் மணி போதும். மல்லாட்டை அறுவடைக் காலத்தில் கால் மணி கூட வைத்துக்கொள்ளுங்கள். மயிலம் கோயிலுக்குப் போகிறவர்கள் கூட்டேரிப்பட்டில் இறங்கலாம். ரயில் நேரத்துக்கு மட்டும் நான் எழுதியதை நம்பிக் கிளம்பாதீர்கள், ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். நான் எழுதியது தவறாக இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். வரியை மாற்றிவிட்டு, பக்கத்தில் உங்கள் இரண்டு எழுத்தைப் போட்டுவிடுகிறேன்.