மடிக்கு வந்த ஆந்தை

எலிக்கு மருந்து வைப்பது அவர் தொழில். கிடங்கு, பேக்கரி, ஆஸ்பத்திரிச் சமையலறை என்று எங்கே எலி ஓடினாலும் அவருக்குத்தான் போன் வரும். ஊரில் அவரை 'எலியெமன்' என்றார்கள். அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டு மீசையைத் தடவிக்கொள்வார். வீட்டுக்குள் மட்டும் அந்தப் பட்டம் செல்லாது. மகன் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து மனைவி அவரிடம் அளந்துதான் பேசுவாள். "சாப்பாடு இருக்கு." "கேஸ் தீந்துடுச்சு." அவ்வளவுதான். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஊமையாக வாழ்வது எலியோடு வாழ்வதை விடக் கொடுமை. அதற்கு மருந்தும் கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் தோட்டத்து மாமரப் பொந்தில் ஒரு சின்ன ஆந்தை ஜோடி குடிவந்தது. அவள் துணி உலர்த்தப் போனால், அதில் ஒன்று கொடிக்கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து அவளை மேலும் கீழும் பார்க்கும். ஒரு அடி எடுத்து வைத்தால் தலையை ஆட்டும். இன்னொரு அடி வைத்தால் பறந்துவிடும்.

"இன்னிக்கு எவ்ளோ கிட்ட விட்டுச்சு தெரியுமா? முழிக்கிறதைப் பாத்தா அப்படியே நீங்கதான்," என்றாள் ஒரு நாள் மாலை. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். மனுஷன் உருகிப் போனார். அதன்பின் டீக்கடையில் நிற்காமல், ஆந்தைக் கதை கேட்க நேரே வீட்டுக்கு ஓடிவந்தார்.

தொழிலை வீட்டுப் பக்கம் கொண்டுவருவதில்லை என்று அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. அதைக் கெடுத்தவர் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர். கடைக்காரர் வீட்டுப் பின்புறம் முழுக்கச் சரக்கு மூட்டைகள்.

"ஊருக்கெல்லாம் வைக்கிறீங்க, பக்கத்துல இருக்குற எனக்கு மட்டும் ஓரவஞ்சனையாண்ணே? உங்க கைராசி வேற யாருக்கு வரும்?" என்றார் மதில்மேல் கையூன்றிக்கொண்டு.

புகழ்ச்சிக்கு மயங்காத எமன் உண்டா? அன்றைக்கே மருந்து வைத்துவிட்டார். அதைத் தின்ற சுண்டெலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரிந்து, உள்ளுக்குள் ரத்தம் கசிந்துதான் சாகும். தள்ளாடுகிற எலியை யார் கொத்திக்கொண்டு போவார் என்று அவர் யோசிக்கவே இல்லை. அந்தக் கைராசியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"என்னங்க, ஓடியாங்களேன்! ஐயோ, மெதுவா, மெதுவா வாங்க!"

துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆந்தை. அவள் அதன் நெற்றியை விரலால் வருட, அது கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருந்தது.

"தரையில உக்காந்திருந்துச்சு. கிட்டப் போனேன், அசையல. தூக்கினேன், பேசாம வந்துடுச்சு. என்மேல நம்பிக்கை வந்துடுச்சுங்க."

அலகோரத்தில் ஒரு துளி ரத்தம் இருந்ததை அவர் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. மாட்டு டாக்டரிடம் இதற்கு விஷமுறிவு ஊசி உண்டு. தூக்கிக்கொண்டு ஓடினால் பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் ஏன் ஓடுகிறீர்கள் என்று அவள் கேட்பாளே! அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத் தன் வாயாலேயே எப்படிக் கெடுப்பது? அந்த முகத்துக்காகத்தானே அவரும் இத்தனை நாள் காத்துக் கிடந்தார்.

"ஆமா, நல்லாப் பழகிடுச்சு," என்றார். எமனாம் எமன்! சரியான கோழை.

மத்தியானம் அது மடியிலேயே தலை சாய்ந்தது. அவள் அழுதாள். "வயசாகியிருக்கும் பாவம், கடைசியா என்கிட்ட வந்திருக்கு" என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அவர் மாமரத்தடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது மதில்மேல் மளிகைக்கடைக்காரரின் தலை தெரிந்தது.

"அண்ணே, உங்க கையே கைதான்! நீங்க மருந்து வச்சதுல வீட்ல ஒரு எலி இல்ல. பாதி உங்க தோட்டத்துப் பக்கம்தான் தள்ளாடிக்கிட்டே ஓடிச்சு, பாத்தீங்களா?"

அவர் நிமிரவில்லை. கடைக்காரர் உள்ளே போனதும் அவள் ஆந்தையோடு குழிப்பக்கம் வந்தாள்.

"காலையிலயே தெரியுமா உங்களுக்கு?"

அவர் மண்வெட்டியைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

"காப்பாத்தியிருக்கலாமா?"

"ஊசி... ஒரு ஊசி இருக்கு," என்றார் மென்று விழுங்கி.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆந்தையைத் தானே குழியில் வைத்தாள். மண்ணையும் தானே தள்ளி மூடினாள்.

"அது செத்துக்கிட்டு இருந்துச்சு. நான் கொஞ்சிக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு, பழகிடுச்சுன்னு சொன்னீங்க."