பெரிய ராணி அனுப்பிய ஓலை

இணையத்தில் வாராவாரம் நான் எழுதும் பல்லவர் காலத்து நாவலை எங்கள் சித்தி படிக்கிறார் என்பது இன்று டவுன் பஸ்ஸில்தான் தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்ததுமே பஸ் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"ஏம்மா, தங்கச்சியை நேர்ல வந்து கூப்பிடாம ஓலை அனுப்பினாளே பெரிய ராணி, அது உங்கம்மாதானே?"

"கற்பனை சித்தி. பல்லவர் காலம்."

"எனக்கு வாட்ஸப்புல பத்திரிகை வந்துச்சே, அதுவும் பல்லவர் காலமா?"

முன் இருக்கைப் பெண் சிரித்துவிட்டார்.

அண்ணன் கல்யாணத்துக்கு அம்மா செய்த வேலை அது. அன்றிலிருந்து அக்கா தங்கைக்குள் பேச்சு இல்லை. இப்போது அண்ணிக்கு வளைகாப்பு வருகிறது.

இறங்குவதற்கு முன் சித்தியின் குரல் தணிந்தது. "அடுத்த வாரம் பெரிய ராணி நேர்ல வருவாளா? சொல்லும்மா. சின்னவ வாசலையே பாத்துக்கினு இருக்கறா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். குடும்ப விஷயத்தைக் கதையாக்கியதற்குத் திட்டு விழும் என்று நினைத்தேன்.

"சின்ன ராணிக்குத் திமிருன்னு எழுதினியே, அது மட்டும் நிஜம்" என்றார் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "அந்தக் காலத்துல தட்டுல என்னா வெச்சி கூப்பிடுவாங்க?"

"வெத்தலை, பாக்கு, பூ, பழம். இப்பவும் அதான்மா."

"பூ மட்டும்தான் வாங்கணும்" என்று செருப்பை மாட்டினார்.

சரித்திர நாவலால் யாருக்கு என்ன பயன் என்று இங்கே கேட்ட நண்பருக்கு: அம்மா இப்போது சித்தி வீட்டுக்குப் போகும் செவிலிமேடு பஸ்ஸில் இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது யாரையாவது நேரில் போய்க் கூப்பிட வேண்டியிருந்தால் சொல்லுங்கள். ஒரு ராணியை எழுதித் தருகிறேன்.