நான் கடலென்று நம்பிய தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மதியம், மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது. அந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். கடலைப் பார்த்து வளர்ந்தவள் இல்லை. ஆனால் வரைபடம் என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு உலகப் படத்தில் ஏழு கண்டங்களையும் தொட்டுக் காட்டுவேன் என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி பீற்றிக்கொள்வேன்.

அன்று காலை ஏழாம் வகுப்பில், வடக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பாதி வகுப்பு தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியைக் காட்டியது. சுவரில் தொங்கும் படத்தில் வடக்கு மேலே இருக்கிறதல்லவா, அதனால் வடக்கு என்றால் ஆகாயம் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அப்புறம் இருக்கட்டும், முதலில் சொந்த ஊரில் திசை தெரியட்டும் என்று மதியமே அவர்களை வெளியே அழைத்துப்போகக் கிளம்பிவிட்டேன். துணைக்கு இன்னொரு ஆசிரியரைக் கூட்டிப்போங்கள் என்றார் தலைமையாசிரியை. நான் ஒருத்தியே போதும் என்றேன். கைபேசியையும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். படமும் கண்ணும் இருந்தால் போதும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே இறங்கினால் உப்பளம். கண்ணுக்கு எட்டியவரை பாத்திகள், பாத்திகளுக்கு நடுவே ஓராள் நடக்கிற அகலத்தில் வரப்பு. ஆளுக்கொரு தாளில் ஊரின் படத்தை வரைந்து கொடுத்திருந்தேன். சாலை, கடல், பள்ளி, உப்பளம் எல்லாம் அதில் உண்டு. நூறு அடி வடக்கே நட, ஐம்பது அடி மேற்கே திரும்பு என்று சொல்லிச் சொல்லி வரப்பு வரப்பாக நடக்கவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எனக்கும்தான். எத்தனை முறை திரும்பினோம் என்று யாருமே கணக்கு வைக்கவில்லை.

திடீரென்று வெயில் போய்விட்டது. வானம் மொத்தமும் சாம்பல் நிறமாகி, சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. காற்று புழுதியைக் கிளப்பியதில் சாலையும் கண்ணில் படவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி பாத்தி, ஒரே மாதிரி உப்புக் குவியல், தூரத்தில் மங்கலாக ஒரே மாதிரி மரவரிசை. நான் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் மட்டும் புழுதிக்கு நடுவே பெரிய தண்ணீர்ப் பரப்பு மினுங்கியது. அதுதான் கடல், கடல் கிழக்கே, கடலுக்கு முன்னால் சாலை. அந்தத் தண்ணீரைப் பார்த்து நடந்தால் தானாகச் சாலை வந்துவிடும் என்று சொல்லி முன்னால் நடந்தேன்.

பக்கத்துக் கிராமமான அனுமந்தையிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் நகரவில்லை. "மிஸ், இந்த மாசத்துல மழ மேக்கால இருந்துதான் வரும். கருப்பா இருக்குற பக்கமே போறோமே, மிஸ்?" என்றாள். படம் என் கையில் இருக்கும்போது என்னிடமே வாதாடுகிறாளே என்று சுள்ளென்று கோபம் வந்தது. வாயை மூடிக்கொண்டு வரிசையில் வா என்று அதட்டினேன். பாவம், வந்தாள்.

கால் மணி நேரம் நடந்தும் சாலை வரவில்லை. வரப்புதான் முடிந்தது. எதிரே தாண்ட முடியாத அகலத்தில் ஒரு வாய்க்கால். அதற்கு அப்பால் அந்தத் தண்ணீர். அலையும் இல்லை, இரைச்சலும் இல்லை. அந்த நேரம் பார்த்து முதல் மின்னல் வெட்டியது. மரம் மட்டை எதுவும் இல்லாத அந்த வெட்டவெளியில் உயரமாக நின்றது நாங்கள் மட்டும்தான். ஒருத்தன் வழுக்கிப் பாத்திக்குள் விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு, அதில் உப்புத் தண்ணீர் பட்டதும் அலறினான். அவனைப் பார்த்து நான்கைந்து பேர் அழ ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு தாய்மார்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அப்போதுதான் புழுதிக்குள்ளிருந்து ஒரு குரல். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார்.

"ஏம்மா, புள்ளைங்கள இட்டுக்கினு எங்கம்மா போற? அந்தாண்ட கழுவெளிதான் இருக்குது!"

கழுவெளி என்பது உப்பளத்துக்கு மேற்கே இருக்கிற உப்புநீர் ஏரி. என் படத்தில் அதை நான் வரையவே இல்லை. கடலென்று நம்பி, சாலைக்கு நேர் எதிர்த் திசையில் பிள்ளைகளை ஓட்டி வந்திருக்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கச் சொன்னார். அழுதவர்களில் ஆளே சின்னதாக இருந்த ஒரு பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். படமும் இல்லை, சூரியனும் இல்லை, எப்படித்தான் வழி தெரிகிறது என்று நடந்துகொண்டே கேட்டேன். குனிந்து பாத்தியைப் பார் என்றார். ஏரிப் பக்கம் இருப்பவை பெரிய பாத்திகள், அவற்றில் தண்ணீர் நீர்த்து இருக்கும். பாத்திக்குப் பாத்தி மாறி வர வரக் கெட்டியாகும். கடைசியில் உப்பு விளைகிற சின்னப் பாத்திகள் சாலையை ஒட்டித்தான் இருக்கும். லாரி அங்கேதானே வந்து நிற்கிறது! "தண்ணி எந்தப் பக்கம் கெட்டியாவுதோ அந்தப் பக்கம் ரோடு. அவ்ளோதாம்மா" என்றார்.

சாலையோரக் கொட்டகைக்குள் கடைசிப் பிள்ளை நுழைந்ததும் மழை கொட்டியது. அடுத்த நிமிடம், நாங்கள் வந்த பக்கம் காது கிழிகிற மாதிரி ஓர் இடி. பிள்ளைகளை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எண்ணி முடித்துத் திரும்பினால் அந்த அக்காவைக் காணோம். மழையில் பாத்தியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் வேறு இரண்டு பெண்கள் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தங்கள் உப்பை மேட்டில் ஏற்றி, மேலே தார்ப்பாய் போர்த்தி, கல்லும் வைத்தாகிவிட்டது. இந்த இருட்டில் எதற்கு ஓடுகிறார் என்று கேட்டேன். அவர்களில் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையிலேர்ந்து வாரினது எல்லாம் பாத்தி ஓரத்துல கெடக்குது. மேட்டுல ஏத்துறப்போ ஒங்களப் பாத்துட்டா. உப்பு வாருற பலகைய அப்படியே போட்டுட்டு ஓடுனா. இனிமே அங்க இன்னா இருக்கப்போவுது?"

அந்த அக்கா நனைந்து திரும்பி வந்தார். வெறுங்கைதான். என்னால்தானே அக்கா என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"அட, வுடும்மா. வெயிலு அடிச்சா உப்பு திரும்பப் பூக்கும். புள்ளைங்கள எங்க போயி வாங்குறது?" என்றவர், உடனே சிரித்துவிட்டார். "ஆமா, தெச தெரியாத உனக்கு யாரும்மா டீச்சரு வேல குடுத்தது?" பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

பள்ளிக்குத் திரும்பும் வழியில், இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது நியாயமும்கூட. திங்கட்கிழமை வகுப்பில், அனுமந்தைப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் வெட்கப்பட்டுப் பக்கத்தில் இருந்தவளின் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவைத் தேடிப் போனேன். கொஞ்சம் உதவுகிறேன் என்று பலகையை வாங்கி உப்பை இழுத்துப் பார்த்தேன். பத்தே நிமிடம்தான், உள்ளங்கை கன்றிப்போய், இடுப்பு நிமிரவில்லை. அன்று அவர் காலையிலிருந்து மதியம்வரை இழுத்ததை நினைத்துப் பார்த்தேன். அதை விட்டுவிட்டு ஓடி வருவதா வேண்டாமா என்று அவர் ஒரு நொடிகூட யோசித்ததாகத் தெரியவில்லை.

பள்ளியில் மழை இருட்டினால் மற்றவர்களுக்குக் கொடியில் காயும் துணி ஞாபகம் வரும். எனக்கு, இந்நேரம் யாருடைய உப்பு பாத்தி ஓரத்தில் கிடக்கிறதோ என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது. அன்று இரவு இருபத்திரண்டு பிள்ளைகளும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள் என்றால், அது பெயர்கூடத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒரு பெண் தன் அரைநாள் உழைப்பை மழையில் கரையவிட்டதால்தான் என்பதை உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.